கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

நூலகப் பட்டியலில் 'பொருளாதாரம்' என்று தேடினால் பாதிப் புத்தகங்கள்தான் வந்தன, மீதி அலமாரியில் கண்ணெதிரே இருந்தும். எழுத்துப்பிழை எதுவும் இல்லை. ஒரு தலைப்பைக் குறியீடு குறியீடாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது: கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் 'பொ'வின் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் வரலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் வரலாம், திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் எங்கள் தேடலுக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள்.

சரி, முதலில் முழுப் பட்டியலையும் பேக்கப் எடுத்தேன். அப்புறம் பைத்தான் நிரல்மொழியில் சில வரிகள் எழுதி எல்லாத் தலைப்புகளையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது இப்படிப் பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவத்துக்கு, மாற்றினேன், வாசகர் தட்டச்சு செய்யும் சொல்லையும் அப்படியே மாற்றித் தேட வைத்தேன். விடுபட்ட புத்தகங்கள் வரிசையாக வந்து நின்றதும் அவ்வளவு சந்தோஷம்! 'லௌகீகம்' மாதிரிச் சொற்களில் ஔகாரக் குறிக்குப் பதிலாகச் சிலர் கொம்பும் 'ள' எழுத்தும் போட்டிருந்தார்கள். 'ள' தனி எழுத்து என்பதால் என்எஃப்சி அதைச் சேர்க்காது, அதை மட்டும் கையால்தான் திருத்த வேண்டியிருந்தது.