ஐ.டி.ஐ.யில் சேருமுன் படியுங்கள்: பட்டறை வேலைக்கு உங்களை எப்படித் தயார் செய்துகொள்வது?

ஐ.டி.ஐ. எனும் தொழிற்பயிற்சி நிலையத்தில் எந்தப் பிரிவில் சேர்ந்தால் உடனே வேலை கிடைக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. மிக நுண்ணிய அளவுகளை அளக்கும் மைக்ரோமீட்டரை அங்கே உங்கள் கையில் தினமும் கொடுப்பார்களா?

நான் கோயம்புத்தூரில் பம்ப் செட்டுகளுக்கான ஷாஃப்ட் (சுழலும் தண்டு), புஷ் (அதைத் தாங்கும் உருளை வளையம்) கடைந்து கொடுக்கும் ஒரு தொழிற்கூடத்தில் தரப் பரிசோதனைப் பிரிவைக் கவனித்துவருகிறேன். நானும் ஃபிட்டர் பிரிவில் படித்து வந்தவள்தான். புதிதாக வேலை கேட்டு வருபவர்களிடம் கடைந்து முடித்த ஷாஃப்ட் ஒன்றையும் மைக்ரோமீட்டரையும் கொடுத்து, விட்டம் எவ்வளவு என்று சொல்லச் சொல்வேன். அவர் சொல்லும் எண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கருவியின் இரு முகங்களையும் துடைத்தாரா, மூடிப் பார்த்துப் பூஜ்யம் சரியாக நிற்கிறதா என்று கவனித்தாரா, அதிகம் இறுக்காமல் காக்கும் முனைத் திருகான ராட்செட்டைப் பிடித்துத் திருகினாரா, ஷாஃப்டின் ஒரே இடத்தில் அளந்தாரா அல்லது இரு முனைகளிலும் நடுவிலும் அளந்தாரா என்பதைத்தான் பார்ப்பேன். இரண்டு ஆண்டுப் பயிற்சி எப்படி நடந்தது என்பது அதிலேயே தெரிந்துவிடும். கணினி நிரலால் இயங்கும் சிஎன்சி இயந்திரத்தில் பொருளை மாட்டிப் பொத்தானை அழுத்தச் சில வாரங்களில் யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிட முடியும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குக் கவலைப்படும் பழக்கத்தை, உற்பத்தி ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் உட்காரவைத்துச் சொல்லித்தர எங்களால் முடிவதில்லை. அதைப் பயிற்சிக் காலத்திலேயே சம்பாதித்துக்கொண்டு வாருங்கள்.

பிரிவும் சேர்க்கையும்

உற்பத்தித் துறைக்கு வர நினைப்பவர்கள் பெரும்பாலும் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் எடுக்கிறார்கள். மூன்றும் இரண்டாண்டுப் படிப்புகள். பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். டர்னருக்கு லேத் எனும் கடைசல் இயந்திரம்தான் எல்லாம். மெஷினிஸ்ட் மில்லிங் (சுழலும் வெட்டியால் செதுக்குவது), கிரைண்டிங் (சாணை பிடிப்பது) பக்கம் அதிகம் போவார். ஃபிட்டர் எல்லா இயந்திரங்களையும் ஓரளவு பழகிக்கொண்டு, பாகங்களைப் பொருத்துவதிலும் பழுதுபார்ப்பதிலும் ஆழமாக இறங்குவார். உற்பத்தி, பராமரிப்பு என்று இரண்டு பக்கமும் போக வசதி வேண்டுமானால் ஃபிட்டர் நல்லது என்பது என் கருத்து.

டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் சேர்ந்து தமிழக அரசு 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் 'தொழில் 4.0' மையங்களை அமைத்திருக்கிறது. 2023-ல் ஒரகடத்தில் இவை தொடங்கிவைக்கப்பட்டன. சிஎன்சி, ரோபோட்டிக்ஸ், தானியங்கிக் கட்டுப்பாடு ஆகியவற்றில் அங்கே புதிய பிரிவுகள் இருக்கின்றன. இயந்திரங்கள் புதியவை, வாய்ப்புக் கிடைத்தால் விட வேண்டாம். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையை நேராக ரோபோட்டிக்ஸுக்கு அனுப்புவதைவிட, முதலில் ஃபிட்டரோ மெஷினிஸ்ட்டோ முடிக்கவைத்து, அதன்மேல் இதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். ரோபோ எடுத்து வைக்கும் பாகம் சரியான அளவில் இருக்கிறதா என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமல்லவா?

விண்ணப்பம் வழக்கமாகக் கோடை விடுமுறையில் தொடங்கும். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தில் பதிய வேண்டும். மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றோடு அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.க்குப் போனால் அங்கேயே பதிந்துகொடுப்பார்கள். குறைந்தபட்ச வயது 14. அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, காலணி, பாடநூல், வரைபடக் கருவிகள், மிதிவண்டி, பஸ் பாஸ் எல்லாம் கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகள் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். பெண் பிள்ளைகளைப் பட்டறைக்கு எப்படி அனுப்புவது என்று தயங்கும் பெற்றோருக்கு ஒரு தகவல்: எங்கள் பரிசோதனைப் பிரிவில் பெண்கள்தான் அதிகம்.

தனியார் நிலையமானால் என்.சி.வி.டி. என்று வழங்கும் மத்திய அரசின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். நிலையத்துக்கு இருக்கிறது என்று சொன்னால் போதாது. அங்கீகாரம் பிரிவுவாரியாகத் தரப்படுவது. நீங்கள் சேரப்போகும் பிரிவுக்கு இருக்க வேண்டும்.

பணம் கட்டுமுன் பட்டறையைப் பாருங்கள்

அலுவலக அறையில் உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். பட்டறைக்குள் போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஃபிட்டர் பிரிவில் ஒரு வகுப்புக்கு 20 பேர். அதற்கேற்ற எண்ணிக்கையில் வைஸ்கள் (பொருளை இறுகப் பிடிக்கும் பிடிப்பான்கள்) மேசையில் இருக்க வேண்டும். லேத்துக்கு அடியில் இருக்கும் தட்டைப் பாருங்கள். இரும்புச் சுருள் கிடந்தால் இயந்திரம் ஓடுகிறது என்று பொருள். பெயின்ட் பளபளவென்று இருந்து தட்டும் துடைத்ததுபோல் இருந்தால், அது ஆய்வுக்கு வருபவர்களுக்காக நிற்கும் இயந்திரம். அளவுக் கருவிகள் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். பூட்டிய அலமாரியைக் காட்டினால் சாவி யாரிடம் இருக்கிறது, எப்போது திறப்பார்கள் என்றும் கேட்டுவிடுங்கள். கடைசியாக, வாசலில் இரண்டாம் ஆண்டு மாணவர் யாராவது கிடைத்தால், "நேற்று என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேளுங்கள். அவர் தரும் பதிலுக்கு மேல் எந்த விளம்பரத் தாளும் தேவையில்லை.

அரத்தை வெறுக்காதீர்கள்

ஃபிட்டர் பிரிவில் தொடக்க வாரங்கள் அரத்தோடுதான் போகும். இரும்புத் துண்டு ஒன்றை வைஸில் பிடித்து, முகம் தட்டையாகவும் பக்கங்கள் செங்கோணமாகவும் வரும்வரை அராவிக்கொண்டே இருக்க வேண்டும். கை வலிக்கும், சலிப்பு வரும். சிஎன்சி காலத்தில் இது எதற்கு என்று பலர் இங்கேதான் மனம் விடுகிறார்கள். அச்சுகளை (டை) பொருத்தும்போது, ஷாஃப்டையும் சக்கரத்தையும் பிணைக்கும் சாவிக்கட்டையைப் பள்ளத்தில் உட்காரவைக்கும்போது, பிசிறு எடுக்கும்போது இன்றும் அரம்தான் கையில் இருக்கிறது. அதைவிடப் பெரிய லாபம், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு எவ்வளவு என்பதை உங்கள் தோள்பட்டை தெரிந்துகொள்கிறது.

செய்முறையைச் சொல்கிறேன். வைஸின் மேல்விளிம்பு உங்கள் முழங்கை உயரத்துக்கு இருக்கட்டும். உயரம் குறைந்தவர்கள் பலகை போட்டு நிற்கலாம். இடது கால் முன்னே. அரத்தின் பற்கள் முன்னே போகும்போதுதான் வெட்டும், ஆகவே தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். இழுக்கும்போது அழுத்தினால் பல் மழுங்கும். தள்ளத் தொடங்கும்போது நுனியைப் பிடித்திருக்கும் இடது கையில் அழுத்தம் அதிகம். அரம் முன்னே போகப் போக அது வலது கைக்கு மாற வேண்டும். மாறாவிட்டால் அரம் ஊசலாடி, ஓரங்கள் தேய்ந்து நடுவில் மேடு நிற்கும். புதியவர்கள் எல்லோருக்கும் வரும் மேடு இது.

அராவிய முகத்தை விரலால் தடவிப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் அரம் வழுக்கும். செங்கோணம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அடியில் ஒளிக்கோடு தெரிகிற இடம் பள்ளம், ஒளி மறைகிற இடம் மேடு. அடுத்த இடத்தைப் பார்க்க ஸ்கொயரைத் தேய்த்து நகர்த்தாமல் தூக்கி வையுங்கள். பற்களில் இரும்புத்தூள் அடைத்துக்கொண்டால் கம்பித் தூரிகையால் பல்லின் திசையிலேயே துடைக்க வேண்டும். முன்கூட்டியே அரத்தில் சாக்பீஸ் தேய்த்துவைத்தால் அடைப்பது குறையும். கைப்பிடி இல்லாத அரத்தை எடுக்கவே கூடாது. அதன் கூரான வால் உள்ளங்கையில் இறங்கிவிடும்.

அளப்பது

சாதாரண வெர்னியர் காலிப்பரில் 0.02 மி.மீ. வரை படிக்கலாம். பிரதான அளவுகோலில் 24-ஐத் தாண்டி நிற்கிறது, வெர்னியரில் 18-வது கோடு மேலே உள்ள ஒரு கோட்டோடு நேராகச் சேர்கிறது என்றால் 24 + 18 × 0.02, அதாவது 24.36 மி.மீ. மைக்ரோமீட்டரில் 0.01 வரை. குழலில் 7.5, சுழலும் உருளையில் 32 என்றால் 7.82. படிப்பதை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஒரே பொருளை ஐந்து முறை அளந்து ஐந்து முறையும் ஒரே எண் வருவதற்குத்தான் மாதங்கள் ஆகும். அதனால் ஓய்வு நேரத்தில் கிடைத்ததையெல்லாம் அளந்து, நோட்டில் எழுதி, அடுத்த நாள் அதையே மறுபடி அளந்து ஒப்பிடுங்கள். நண்பர் அளந்ததோடும் ஒப்பிடுங்கள். எண்கள் மாறினால் காரணத்தைத் தேடுங்கள். அழுக்கு, சாய்வு, திருகிய வேகம், கருவியின் பூஜ்யப் பிழை என்று ஏதாவது அகப்படும்.

பலரும் மறந்துவிடும் காரணம் சூடு. வரைபடத்தில் இருக்கும் அளவு 20 டிகிரி செல்சியஸுக்கு உரியது. 100 மி.மீ. நீள எஃகு, பத்து டிகிரி சூடேறினால் 0.01 மி.மீ.க்குச் சற்று மேல் நீளும். லேத்திலிருந்து அப்போதுதான் எடுத்த பாகம் கையைச் சுடுகிறது என்றால், அதன் அளவை நம்பாதீர்கள். ஆறவிட்டு அளந்தால், சரியாக இருந்த விட்டம் குறைந்து போயிருக்கும்.

வரைபட வகுப்பைச் சலிப்பான பாடமாக எண்ணிப் பின்வரிசைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். எங்கள் தொழிற்கூடத்தில் ஆபரேட்டருக்கு யாரும் வாயால் அளவு சொல்வதில்லை, வரைபடம்தான் பேசும். 25 என்று போட்டு அருகில் ஹெச்7 என்ற அளவு வரம்புக் குறியீடு இருந்தால், துளை 25.000-லிருந்து 25.021 வரை இருக்கலாம். அதில் ஓட வேண்டிய ஷாஃப்டுக்கு ஜி6 என்றால் 24.980-லிருந்து 24.993 வரை. எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தினாலும் 0.007 மி.மீ. இடைவெளி மிஞ்சும், எவ்வளவு தளர்ந்தாலும் 0.041-ஐத் தாண்டாது. தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான அந்த இடைவெளியில்தான் எண்ணெய்ப் படலம் நிற்கிறது. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தவருக்கு, ஒரு நூறில் ஒன்றுக்காக நான் ஏன் பாகத்தைத் திருப்பி அனுப்புகிறேன் என்று விளக்க வேண்டியிருக்காது.

லேத், பிறகு சிஎன்சி

லேத்தில் நிற்கும்போது கையுறை கூடாது. சுழலும் பொருள் கையுறையோடு கையையும் இழுத்துக்கொள்ளும். மோதிரம், கடிகாரம், தொங்கும் துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் எதுவும் வேண்டாம். பொருளைப் பிடிக்கும் சக்கை இறுக்கும் சாவியை, மாட்டிய கையாலேயே கழற்றி வையுங்கள், அது சக்கிலேயே இருக்க மோட்டாரைப் போட்டால் தெறித்துப் பறக்கும். சுருளைக் கொக்கியால் இழுங்கள்.

வேகத்தைக் கணக்குப் போட்டு வையுங்கள். ஹைஸ்பீட் ஸ்டீல் டூலால் (வெட்டும் கருவி) மைல்டு ஸ்டீலை (மென் எஃகு) நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் வெட்டுவதாக வைத்துக்கொண்டால், 25 மி.மீ. கம்பிக்கு 30 × 1000-ஐ 3.14 × 25-ஆல் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 380 சுற்று வரும். விட்டம் பாதியானால் சுற்று இரு மடங்கு. இதைப் புரிந்துகொண்டவருக்கு சிஎன்சி நிரலில் வரும் எண்கள் அந்நியமாக இருக்காது.

சிஎன்சி நிரலில் ஜி00 என்ற கட்டளை என்றால் வெட்டாமல் வேகமாக நகர்வது, ஜி01 என்றால் குறித்த வேகத்தில் நேர்கோட்டில் வெட்டுவது. குறியீடுகளைவிட ஆஃப்செட்டை (டூலின் அளவுக்கேற்ப இயந்திரத்தில் பதியும் திருத்த எண்) நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். டூல் தேய்ந்து, 25.00 வர வேண்டிய விட்டம் 25.03 வந்தால், அந்த டூலின் தேய்மான ஆஃப்செட்டில் எக்ஸ் அச்சுக்கு 0.03 குறைக்க வேண்டும். கழித்தலுக்குப் பதில் கூட்டல் போனால் அடுத்த பாகம் 25.06. தசமப் புள்ளி தவறினால் டூல் பொருளில் மோதும். ஆகவே புதிய நிரலை முதல் முறை ஓட்டும்போது ஒவ்வொரு வரியாக நிறுத்தி ஓட்டுங்கள், கை நிறுத்தப் பொத்தானுக்கு அருகிலேயே இருக்கட்டும்.

தேர்வும் அப்ரண்டிஸும்

எண்பது சதவீத வருகைப் பதிவு வேண்டும். செய்முறைத் தேர்வில் தேர்ச்சிக்கு 60 சதவீதம் எடுக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் 33 போதும். எழுத்துத் தேர்வு கணினி வழியில் நடக்கிறது.

சான்றிதழ் வந்ததும் அதிகச் சம்பளம் தரும் ஒப்பந்த வேலைக்கு ஓடாதீர்கள். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் தொழிற்பழகுநர் பயிற்சியை முடித்து, தேர்வு எழுதி, தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் வாங்குங்கள். உதவித்தொகை கையில் வரும், ஐ.டி.ஐ.யில் பார்க்காத இயந்திரங்களில் பழகலாம். பெரிய நிறுவனம் கிடைத்தால் நல்லது. ஆனால் 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின் மோட்டார் செய்த இந்த ஊரில், இருபது பேர் வேலை பார்க்கும் சிறிய தொழிற்கூடங்களையும் குறைத்து எடைபோட வேண்டாம். பெரிய இடத்தில் ஆண்டு முழுவதும் ஒரே இயந்திரத்தில் நிறுத்திவிடுவதும் உண்டு. சிறிய இடத்தில் டூல் தீட்டுவது, செட்டிங், பரிசோதனை என்று எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டிவரும். எதில் சேர்ந்தாலும், பயிற்சிக் காலத்தில் பொருள்களைச் சுமந்து வைக்கும் வேலைக்கு மட்டும் உங்களைப் பயன்படுத்தினால் பயிற்சிப் பொறுப்பாளரிடம் பணிவாக, எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். என் யோசனை, அப்ரண்டிஸ் முடித்த பிறகு போங்கள். இயந்திரத்தைத் தொட்டுவிட்டுப் போகிறவருக்கு டிப்ளமோ வகுப்பில் வரும் உலோகவியலும் அளவியலும் வேறு மாதிரிப் புரியும்.

நேர்முகத் தேர்வுக்கு வரும்போது சான்றிதழ்களோடு, பயிற்சியில் அளந்து எழுதிய அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள். எண்ணெய்க் கறை படிந்திருந்தாலும் பரவாயில்லை. நான் முதலில் அதைத்தான் புரட்டுவேன்.