ஜாக் இறங்க மறுத்தால், எர்த் ஒயரைப் பாருங்க

டிராவல் டிரெய்லரின் (காரில் கட்டி இழுக்கும் வீட்டு வண்டி) பவர் ஸ்டெபிலைசர் ஜாக், அதாவது நிறுத்திய வண்டி ஆடாமல் தாங்கும் மோட்டார் கால், இறங்காமல் 'டிக்' என்று மட்டும் சத்தம் போடுகிறதா? மோட்டார் போச்சு என்று உடனே புதுசு வாங்கிவிடாதீர்கள். முதலில் மல்டிமீட்டரை (வோல்டேஜ் அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள், முழு சார்ஜில் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். அடுத்து ஃபியூஸ். இரண்டும் சரியென்றால் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியதுதான். சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) திருகிய எர்த் ஒயர் என் வண்டியில் துருப்பிடித்துப் பொருக்குத் தட்டியிருந்தது. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்கினேன், ஜாக் இறங்கிவிட்டது.

ஸ்விட்சுக்கு வரும் ஒயரில் 12 வோல்ட் காட்டுகிறதே என்று ஏமாறாதீர்கள். வீட்டில் யாரையாவது ஸ்விட்சை அழுத்தச் சொல்லி (விரல் பத்திரம்!) மோட்டார் முனைகளில் அளந்து பாருங்கள். 9, 10 என்று சரிந்தால் ஒயர் இணைப்பைத் தேடுங்கள். 12 வந்தும் சுற்றாவிட்டால்தான் மோட்டார் மேல் சந்தேகம். அதுவரை கைப்பிடி போட்டுச் சுற்றி இறக்கலாம், தோள்தான் வலிக்கும்.