பயோஸ் மறந்த லெப்டொப்: எஸ்எஸ்டி கேஷையும் ரெய்ட் அமைப்பையும் மீட்டெடுப்பது

போன மாசியில் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர், 2013இல் வாங்கிய லெப்டொப்பைத் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, நோர்வூட் வழியாக பஸ்ஸில் ஹட்டனுக்கு வந்து என் கடைப் படியேறினார். இரண்டு வருடமாக அலமாரிக்குள் கிடந்த மெஷின். இப்போது போட்டால் நீலத் திரைதான் வருகிறது. வேறொரு டவுனில் காட்டியபோது ஹாட்டிஸ்க் போய்விட்டது, ஃபோமட் பண்ணி வின்டோஸ் போட்டுத் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"தம்பி, புலமைப்பரிசில் புள்ளைகளுக்கு நான் பாமினியில அடிச்சு வச்ச பேப்பர் எல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கு. வேற ஒண்ணும் வேணாம், அது இருந்தாப் போதும்" என்றார்.

அந்த ஹாட்டிஸ்க்கில் ஒரு பழுதும் இல்லை. ஃபோமட் பண்ணியிருந்தால் ஏழு வருட உழைப்பு வீணாகப் போயிருக்கும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். 2012, 2013 காலத்து லெப்டொப்பில் 320 அல்லது 500 ஜிபி ஹாட்டிஸ்க்கும், கூடவே 24 அல்லது 32 ஜிபி குட்டி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) ஒன்றும் இருந்தால் இது உங்களுக்கானது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எஸ்எஸ்டி விலை எட்டாத உயரத்தில் இருந்த 2011இல் இன்டெல் 'ஸ்மார்ட் ரெஸ்பொன்ஸ்' என்ற முறையைக் கொண்டுவந்தது. அரிசி மூட்டை உள்ளறையில் இருக்கும், அன்றாடம் உலையில் போடும் அரிசி அடுப்படி டின்னில் இருக்கும் அல்லவா, அதே கணக்குத்தான். எல்லாக் கோப்பும் ஹாட்டிஸ்க்கில் இருக்கும். அடிக்கடி தேவைப்படுபவற்றின் பிரதி குட்டி எஸ்எஸ்டியில் இருக்கும். இந்த எஸ்எஸ்டியைத்தான் கேஷ் என்கிறோம். இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க, பயோஸில், அதாவது வின்டோஸுக்கு முன்பே மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருளில், டிஸ்க்குகளைக் கையாளும் முறையைச் சொல்லும் சாட்டா மோட் 'ரெய்ட்' (பல டிஸ்க்கைச் சேர்த்து ஆளும் முறை) என்று இருக்க வேண்டும்.

அந்த அமைப்பை நினைவில் வைத்திருப்பதற்கு மதர்போர்டில் ஒரு காசு பெட்டரியின் துணை இருக்கிறது. பெரும்பாலும் சிஆர்2032 வகை, 3 வோல்ட். மெஷின் வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் அது இறங்கிவிடும். பல மெஷின்களில் அதோடு பயோஸும் எல்லாவற்றையும் மறந்து, ரெய்டை விட்டு ஏ.எச்.சி.ஐ. என்ற சாதாரண நிலைக்குத் திரும்பிவிடும். வின்டோஸோ ரெய்டுக்குரிய டிரைவரை (டிஸ்க்கோடு பேசும் சின்ன மென்பொருளை) மட்டுமே தொடக்கத்தில் எழுப்பப் பழகியது. கதவின் பூட்டு மாறியது போல, தன் டிஸ்க்கையே திறக்க முடியாமல் நீலத் திரையைக் காட்டிவிடுகிறது. வின்டோஸ் 8இலும் அதற்குப் பிறகும் 'இனாக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று எழுதி வரும். வின்டோஸ் 7இல் கோட் நம்பரின் கடைசியில் 7பி என்று முடியும். கூடவே கடிகாரமும் பழைய வருடத்துக்குப் போயிருந்தால், பெட்டரிதான் காரணம் என்று ஏறக்குறைய முடிவுகட்டலாம். டீச்சரின் மெஷினில் திகதி 2012 என்று காட்டியது.

சரி, வேலைக்கு வருவோம். லெப்டொப் ஈரத்தில் இருந்து வந்திருந்தால் உடனே போடாதீர்கள். எங்கள் பக்கத்து மிஸ்டில் அலமாரிக்குள் இருக்கும் துணிகூடப் பூஞ்சணம் பிடிக்கும். நான் ஒரு இரவு முழுக்க உலர்ந்த இடத்தில் திறந்து வைத்துவிட்டு அடுத்த நாள்தான் தொடுவேன். பிறகு சார்ஜரைக் கழற்றி, பெரிய பெட்டரியையும் கழற்றி, காசு பெட்டரியை மீட்டரில் அளந்து பாருங்கள். 2.7 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள். சில லெப்டொப்பில் இது இரண்டு வயரோடு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும், அதே பிளக் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். இதை மாற்றாமல் இனிச் சொல்லப்போகும் எதைச் செய்தாலும், அடுத்த தடவை கரண்ட் போகும்போது மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

புது பெட்டரி போட்டபின் மெஷினைப் போட்டு பயோஸுக்குள் நுழையுங்கள். கம்பனிக்கு ஏற்ப எஃப்2, எஃப்10 அல்லது டிலீட் விசை. திகதியைச் சரிசெய்யுங்கள். சாட்டா மோட், சாட்டா ஒபரேஷன் என்று ஏதோ ஒரு பெயரில் ஒரு வரி இருக்கும். அதை ரெய்ட் என்றோ 'இன்டெல் ஸ்மார்ட் ரெஸ்பொன்ஸ்' என்றோ மாற்றுங்கள். அப்படியே பூட் மோடையும் (மெஷின் வின்டோஸைத் தொடங்கும் முறை; புதியது யூஇஎஃப்ஐ, பழையது லெகசி) பாருங்கள். பெட்டரி இறங்கும்போது அதுவும் யூஇஎஃப்ஐயில் இருந்து லெகசிக்கோ, மறுபக்கமோ தாவியிருக்கலாம். ரெய்டைச் சரிசெய்த பிறகும் பூட் டிவைஸ் இல்லை என்று வந்தால், நான் அடுத்ததாகப் பார்ப்பது அதைத்தான். சேவ் பண்ணி வெளியே வாருங்கள். பெரும்பாலும் இதிலேயே வின்டோஸ் எழும்பிவிடும். டீச்சரின் மெஷின் எழும்பியது.

எழும்பியவுடன் வேறு எதையும் தொடாமல் கோப்புகளை வெளி டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணுங்கள். பாமினி எழுத்துருவையும் சேர்த்தே எடுங்கள். அது இல்லாத மெஷினில் அந்தப் பேப்பர்களைத் திறந்தால் தமிழ் ஒன்றுமே தெரியாது, வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாக இருக்கும்.

இங்கே நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. கேஷ் இரண்டு விதமாக ஓடும். 'என்ஹான்ஸ்ட்' என்பதில், எழுதுவதெல்லாம் எஸ்எஸ்டிக்கும் ஹாட்டிஸ்க்குக்கும் ஒரே நேரத்தில் போகும். 'மெக்சிமைஸ்ட்' என்பதில் முதலில் எஸ்எஸ்டிக்குப் போய், ஹாட்டிஸ்க்குக்கு ஆறுதலாக வரும். அப்படியானால் கடைசியாக எழுதியவை எஸ்எஸ்டியில் மட்டுமே இருக்கக்கூடும். அந்த நிலையில் எஸ்எஸ்டியைக் கழற்றினாலோ அழித்தாலோ, ஹாட்டிஸ்க் நன்றாக இருந்தும் உள்ளே இருப்பவை சிதைந்துவிடும். ஹாட்டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறு மெஷினில் போட்டு அதில் எழுதுவதும் இதே ஆபத்துத்தான். முதலில் பழைய நிலைக்குக் கொண்டுவருவது, பிறகு கோப்பை எடுப்பது, பிறகு கேஷை முறைப்படி விடுவிப்பது, அதற்கு அப்புறம்தான் புதிதாகக் கட்டுவது. நான் இந்த வரிசையை மாற்றுவதே இல்லை.

விடுவிப்பது எப்படி? வின்டோஸில் 'இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டெக்னோலஜி' செயலியைத் திறந்து, ஆக்சலரேட் அல்லது பெர்ஃபோமன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். மெக்சிமைஸ்ட் என்று இருந்தால் முதலில் என்ஹான்ஸ்டுக்கு மாற்றி, டிஸ்க் விளக்கு ஓயும் வரை பொறுத்திருங்கள். பிறகு ஆக்சலரேஷனை டிசேபிள் பண்ணுங்கள். செயலி இல்லையென்றால் உங்கள் மொடலுக்கு லெப்டொப் கம்பனி தரும் பதிப்பைப் போடுங்கள். ஆகப் புதியதைப் போடுவது நல்லதென்று நினைக்க வேண்டாம், புதிய பதிப்புகள் இந்தப் பழைய சிப்செட்களைக் கைவிட்டுவிட்டன.

ரெய்டுக்கு மாற்றியும் வின்டோஸ் எழும்பவில்லையா? லெகசி பூட் உள்ள மெஷினில், தொடங்கும்போது இன்டெல்லின் கறுப்புத் திரை வரும்போது கன்ட்ரோல் விசையோடு ஐ எழுத்தை அழுத்துங்கள். டிஸ்க் பட்டியல் தெரியும், சிறியதின் பக்கத்தில் கேஷ் டிஸ்க் என்று இருக்கும். ஆக்சலரேஷன் ஒப்ஷன்ஸ் என்பதற்குள் போய் முதலில் சின்க்ரனைஸ், அது முடிந்த பிறகே ரிமூவ். அதே மெனுவில் 'டிலீட் ரெய்ட் வொலியூம்', 'ரீசெட் டிஸ்க்ஸ் டு நொன் ரெய்ட்' என்றும் இருக்கும். கை அந்தப் பக்கம் போகவே கூடாது. ஒரே அளவான இரண்டு எஸ்எஸ்டி ரெய்ட் 0இல் (கோப்புகளை இரண்டுக்கும் பிரித்து எழுதும் முறையில்) சேர்ந்திருக்கும் மெஷினாக இருந்தால், அந்த ஒரு அழுத்தலில் எல்லாமே போய்விடும்.

கேஷை மறுபடி கட்டுவது இலகு. அதே செயலியில் ஆக்சலரேஷனை எனேபிள் பண்ணி, எஸ்எஸ்டியைத் தெரிவு செய்து, 18.6 ஜிபியா முழு அளவா என்று சொல்லுங்கள். எனேபிள் என்ற பொத்தானே தெரியாவிட்டால், எஸ்எஸ்டியில் பழைய பார்ட்டிஷன் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். வின்டோஸின் கட்டளைக் கருவியான டிஸ்க்பார்ட்டில் அந்த டிஸ்க்கைத் தெரிவு செய்து, அதன் பார்ட்டிஷன்களை அழிக்கும் கிளீன் கட்டளையைக் கொடுக்க வேண்டும். என் மனம் பதறும் இடம் இதுதான். லிஸ்ட் டிஸ்க் போட்டால் 500 ஜிபி ஹாட்டிஸ்க் 465 என்று காட்டும், 24 ஜிபி எஸ்எஸ்டி 22 என்றும், 32 ஜிபி உள்ளது 29 என்றும் காட்டும். டிஸ்க் நம்பரைப் பேப்பரில் எழுதி, வாய்விட்டு ஒரு தடவை வாசித்த பிறகே நான் என்டரைத் தட்டுவேன். கிளீனுக்குத் திரும்பிப் போகும் வழி கிடையாது.

எந்த முறையைப் போடுவது என்று கேட்டால் என் பதில் என்ஹான்ஸ்ட்தான். பத்து வருடத்துக்கு மேல் எழுதி எழுதித் தேய்ந்த அந்தக் குட்டி எஸ்எஸ்டி ஒருநாள் சொல்லாமல் நின்றுபோனாலும் ஹாட்டிஸ்க்கில் எல்லாம் முழுமையாக இருக்கும். மெக்சிமைஸ்ட் தரும் கொஞ்ச வேகத்துக்காகப் பிள்ளைகளின் பேப்பரைப் பணயம் வைக்க எனக்கு மனமில்லை. முதல் தடவையே வேகம் தெரியாது. இரண்டு மூன்று தடவை மெஷினைப் போட்டு வழக்கமான வேலைகளைச் செய்தபிறகுதான் கேஷ் நிறையும்.

கொஞ்சம் காசு இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது: ஹாட்டிஸ்க்குக்குப் பதிலாக 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போடுவது. அப்போது கேஷே தேவையில்லை. கேஷை முறைப்படி விடுவித்து, வின்டோஸைப் புது டிஸ்க்குக்குக் குளோன் (அப்படியே பிரதி) பண்ணி, வின்டோஸின் தொடக்க அமைப்புச் செயலியான எம்எஸ்கொன்ஃபிக்கில் சேஃப் பூட்டை டிக் பண்ணி, அடுத்த தொடக்கத்தில் பயோஸுக்குள் போய் ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்றுங்கள். வின்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தியதென்றால் சேஃப் மோடில் எழும்பும்போது தேவையான டிரைவரைத் தானே பிடித்துக்கொள்ளும். பிறகு டிக்கை எடுத்துவிடலாம். 2017க்குப் பிறகு ஒப்டேன் மெமரியோடு (இன்டெல்லின் பிந்திய கேஷ் வகை) வந்த மெஷின்களுக்கும் அடிப்படை இதுதான், ஒப்டேனை டிசேபிள் பண்ணாமல் எதையும் கழற்றக் கூடாது. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வின்டோஸின் பிட்லொக்கர் போட்டிருந்தால் பயோஸை மாற்றும் முன் ரிகவரி கீயைக் கையில் எடுத்து வையுங்கள்.

டீச்சர் எஸ்எஸ்டிக்கு மாறவில்லை, பழைய மாதிரியே வேண்டும் என்றார். என்ஹான்ஸ்டில் கட்டிக் கொடுத்தேன். கடையிலேயே உட்கார்ந்து ஐந்தாம் தரப் பேப்பர் ஒன்றைத் திறந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை மெதுவாக இறக்கிப் பார்த்தார். லெப்டொப்பின் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பெட்டரி மாற்றிய திகதியையும், சாட்டா மோட் ரெய்ட், பூட் மோட் லெகசி என்பதையும் பேனாவால் எழுதிக் கொடுத்தேன்.