புய் ட்ஸொக் நெய் ட்ஸௌ: ஒரு காண்டனீஸ் பாட்டைப் பழகலாம், வாங்க

ஹாங்காங்கின் லோவெல் லோ, அங்கே பேசப்படும் சீன மொழியான காண்டனீஸில் இசையமைத்துப் பாடிய மென்மையான பாட்டு இது. வரிகளை எழுதியவர் அவருடைய மனைவி சூசன் டோங். ‘உனக்குத் துணையாக நடக்கிறேன்’ என்பது தலைப்பின் பொருள். கணவர் போட்ட மெட்டுக்கு மனைவி எழுதிய வரிகள் என்பதாலேயே இதை எனக்கு அவ்வளவு பிடிக்கும். சீன எழுத்து தெரியாவிட்டாலும் பழகலாம். தலைப்பின் நான்கு அசைகளிலிருந்து தொடங்குங்கள்.

முதல் நாள் வெறுமனே கேளுங்கள். கூடப் பாட வேண்டாம்.

அடுத்து, மெட்டில்லாமல் சொல்லிப் பாருங்கள். காண்டனீஸில் ஆறு தொனிகள், அதாவது ஓர் அசையைச் சொல்லும்போது குரல் ஏறி இறங்கும் விதங்கள். தொனி மாறினால் பொருளே மாறிவிடும். ‘ஸீ’யை உயர்த்திச் சொன்னால் கவிதை, தாழ்த்தி இறக்கினால் நேரம்.

‘புய்’ என்றால் துணையிருத்தல். குரல் தாழ்வாக இறங்க வேண்டும். உள்ளங்கையை வாயருகே வையுங்கள், ‘ப்’ சொல்லும்போது காற்று படவேண்டும். ‘ட்ஸொக்’ தாழ்வாக, ஒரே மட்டத்தில். ‘ஏ’ என்று சொல்லிக்கொண்டே உதட்டைக் குவித்தால் அதன் உயிரொலி வந்துவிடும். ‘நெய்’, நம் வீட்டு நெய்யேதான்! பொருள் ‘நீ’. கீழிருந்து சற்றே ஏறட்டும். ‘ட்ஸௌ’ என்றால் நட. இது இன்னும் மேலே ஏறும்.

நாம் சறுக்கும் இடம் ‘ட்ஸொக்’. ‘பஸ்ஸு’ என்று உகரம் போட்டே பழகிய நாக்கு, ‘ட்ஸொக்கு’ என்றுதான் முடிக்கப் பார்க்கும். எனக்கு இதைத் திருத்தவே பல நாள் ஆனது. ‘பக்கம்’ என்று தொடங்கி ‘பக்’கோடு மூச்சை நிறுத்துங்கள். நாக்கின் பின்பகுதி அண்ணத்தில் ஒட்டியே இருக்கட்டும், விடுவிக்காதீர்கள். அந்த அடைப்புதான் கடைசி ‘க்’.

இனி மெட்டோடு பாடலாம். தொனியை நினைத்துப் பயப்பட வேண்டாம். காண்டனீஸ் பாடலாசிரியர்கள் மெட்டின் ஏற்ற இறக்கத்துக்குப் பொருந்தும் தொனியுள்ள சொல்லாகத் தேடித்தான் வரி எழுதுகிறார்கள். சுரம் சரியாக விழுந்தால் தொனியும் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் கமகம் வேண்டாம். தாழ்ந்த சொல்லை அசைத்து மேலே இழுத்தால் அது வேறு சொல்லாகக் கேட்கக்கூடும்.

மற்ற வரிகளில் ‘ஙோ’ வந்தால் ‘நோ’ ஆக்கிவிடாதீர்கள். ‘நான்’ என்று பொருள். அரிச்சுவடியில் படித்த அதே ‘ங’தான், இங்கே சொல்லின் முதலிலேயே வருகிறது.