பூட்டிக் கிடந்த வீடும் சிலந்திக் கடியும்: ஊருக்குப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் வீடு பூட்டிக் கிடக்கிறது, நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும்போது அங்கேயே தங்கலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன முறை நாங்கள் தென்மராட்சியில் அம்மம்மாவின் வீட்டைத் திறந்தோம். ஆறு வருடம் ஆள் இல்லாத வீடு. மூன்றாம் நாள் காலை மகனின் கழுத்தில் சூடு வைத்த மாதிரி ஒரு சிவந்த கோடு, அதன்மேல் சின்னச் சின்னக் கொப்புளங்கள். "சிலந்தி கடிச்சுப்போட்டுது" என்றார் சித்தி. பிள்ளை அழுதான், நாங்கள் பயந்துபோனோம்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்ததுமே சொல்லிவிட்டார், இது சிலந்தி இல்லை. நெல்வயல் பக்கம் வாழும் ஒரு சின்ன வண்டு, அரிசிமணியைவிடக் கொஞ்சம் நீளம், உடம்பு செம்மஞ்சளும் கறுப்புமாக மாறி மாறி இருக்கும். இரவில் வெளிச்சத்துக்கு வரும். அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. கழுத்தில் ஊரும்போது நாம் தேய்த்து நசுக்கினால் உள்ளே இருக்கும் நீர் தோலை வேகவைத்துவிடும். கொப்புளம் ஒரு நாள் கழித்துத்தான் வரும், அதனால் வண்டின்மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. உடம்பில் கண்டால் அடிக்காமல் ஊதி விடுங்கள், ஊர்ந்த இடத்தை உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

பழைய அகராதிகளில் சிலந்தி என்ற சொல்லுக்குப் புண்கட்டி என்ற பொருளும் உண்டு. பூச்சியும் புண்ணும் பேச்சிலேயே ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அதனால்தான் கண்ணால் யாரும் சிலந்தியைப் பார்க்காவிட்டாலும், தோலில் எது வந்தாலும் அதன் தலையில் பழி விழுகிறது. உண்மையான காரணம் தெரியாமல் போவதுதான் ஆபத்து. வரிசையாக நாலைந்து தடிப்பு என்றால் பெரும்பாலும் மூட்டைப்பூச்சி. உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரிச்சலோடு கொப்புளம் என்றால் பெரும்பாலும் அக்கி. சிவப்பு நாளுக்கு நாள் பரவி, சூடாகி, காய்ச்சலும் வந்தால் கிருமித் தொற்று.

சரி, உண்மையில் சிலந்தி கடித்தால்? பெரும்பாலும் ஒரே இடத்தில் சின்னச் சிவப்பு, கொஞ்சம் வீக்கம், கடுப்பு. இரண்டொரு நாளில் போய்விடும். கழுவி, ஐஸைத் துணியில் சுற்றி வைத்தால் போதும்.

சுவரில் கை அகலத்துக்குத் தட்டையாக ஒட்டிக்கொண்டு, வெளிச்சம் போட்டதும் மின்னலாக ஓடுகிறதே ஒரு பெரிய சிலந்தி, பிள்ளைகள் வீறிட்டுக் கத்துவது அதைப் பார்த்துத்தான். அது வலை பின்னாது, கரப்பானைத் தேடிப் பிடித்துத் தின்னும். கையால் அமுக்கினால் கடிக்கும், வலிக்கும், அவ்வளவுதான். அகன்ற வாய்ப் போத்தலைக் கவிழ்த்து, கீழே மட்டையைச் செருகி வெளியே விட்டுவிடுங்கள். மூலைகளில் ஒட்டறை கட்டித் தொங்கும் நீளக்கால் சிலந்தியால் ஒரு தொல்லையும் இல்லை.

கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: புலிமுகச் சிலந்தி. உடம்பெல்லாம் மயிர், கால்களில் மஞ்சள், சாம்பல், கறுப்பு வரிகள். பழைய மரப்பொந்துகளில் வாழ்வது. மரங்கள் போகப் போகப் பாழடைந்த கட்டடங்களுக்குள் வருகிறது. வடக்கில் இதன் ஒரு புதிய இனத்தை மாங்குளம் ஆஸ்பத்திரியின் பழைய வைத்தியர் விடுதியிலும் கண்டார்கள். கால் விரித்தால் 20 சென்ரிமீற்றர் வரும். தேடலுக்குத் துணை நின்ற பொலிஸ் அதிகாரி ஒருவரின் பெயரை அதற்கு வைத்தார்கள், 2013 இல் உலகச் செய்தியானது. இந்த வகை கடித்தால் முதலில் கடுமையான வலி. சில மணி நேரம் கழித்துத் தசைகள் இழுத்துப் பிடிக்கும், அது நாட்கணக்கில் விட்டு விட்டு வரலாம். உயிருக்கு ஆபத்து என்று அஞ்சத் தேவையில்லை, ஆனால் டொக்டரிடம் காட்ட வேண்டும். அடித்துக் கொல்லாதீர்கள், இவை அருகி வருகின்றன. 2019 முதல் இவற்றின் சர்வதேச வியாபாரம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஊர் நினைவாகப் போத்தலில் அடைத்துக் கொண்டுவரும் எண்ணம் யாருக்கும் வேண்டாம்.

என்னைக் கேட்டால், பூட்டிய வீட்டில் சிலந்தியைவிடப் பயப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று, யாழ்ப்பாணத்துச் செந்தேள். கொட்டின இடத்தில் வலி மட்டும் என்றால் பரவாயில்லை. வியர்த்துக் கொட்டி, கைகால் குளிர்ந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்தால் நஞ்சு இதயத்தைத் தாக்குகிறது, ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். இதற்குப் பிரசோசின் என்ற இரத்த அழுத்த மருந்து நன்றாக வேலை செய்யும் என்று காட்டியவர் மகாராட்டிரத்தின் மகாட் ஊரில் வேலை செய்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். யாழ்ப்பாணத்திலும் அந்த மருந்தைக் கொடுக்கிறார்கள். மற்றது கட்டுவிரியன். இரவில், நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவர்களைத்தான் அதிகம் கடிக்கும். வலி இல்லாமலும் இருக்கலாம், தடமும் தெரியாமல் போகலாம். விடிய எழும்பும்போது வயிற்று நோ, கண் இமை தொங்கல், விழுங்கக் கஷ்டம் என்றால், "ஏதோ சிலந்தி" என்று விட்டுவிடாதீர்கள்.

எதுவானாலும் கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றுங்கள். கடித்ததைத் தூரத்தில் நின்று படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், துரத்திப் பிடிக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். அரச ஆஸ்பத்திரியில் வைத்தியமும் இலவசம்.

இனி வீடு. பிள்ளைகளை உள்ளே விட முதல், நீங்கள் போவதற்கு ஒரு வாரம் முன்பாக யாரையாவது கொண்டு திறப்பித்து வெயிலும் காற்றும் பட வையுங்கள். ஒட்டறை அடிப்பவர் முழுக்கைச் சட்டை, கையுறை, மூடின சப்பாத்தோடு நிற்கட்டும். வலையை மட்டும் எடுத்தால் போதாது, மூலையில் பஞ்சுருண்டை போல இருக்கும் முட்டைப் பையையும் எடுத்து எரிக்க வேண்டும். அலுமாரிக்குப் பின்பக்கம், மடித்து வைத்த பாய், கக்கூஸ் இருக்கையின் அடிப்பக்கம் ஆகியவற்றை ரோச் அடித்துப் பாருங்கள். புற ஊதா (UV) ரோச் ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனால் நல்லது, அதன் ஒளியில் இருட்டில் தேள் பச்சையாக மினுங்கும்.

மருந்து அடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சிலந்தி நுனிக்காலில் நடப்பது, தரையில் காய்ந்த மருந்து அதில் அவ்வளவாக ஒட்டாது. அது வருவது தீனிக்கு. பூச்சி குறைந்தால் சிலந்தியும் குறையும். வாசல் பல்பை மஞ்சள் நிறத்துக்கு மாற்றுங்கள், பூச்சியும் அந்த வண்டும் குறைவாக வரும். கதவின் கீழ் இடைவெளிக்கு ரப்பர்ப் பட்டி, காற்றுத் துவாரத்துக்கும் தண்ணீர் போகும் ஓட்டைக்கும் கம்பிவலை, சுவர் வெடிப்புக்குச் சீமெந்து. விறகு, பழைய ஓடு, பனைமட்டை எல்லாவற்றையும் சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். மாரி மழை தொடங்கினால் வெளியே இருப்பவை எல்லாம் உள்ளே வரப் பார்க்கும், டிசம்பர் லீவில் போகிறவர்கள் இதை விடவே கூடாது.

படுப்பது கட்டிலில், நுளம்பு வலையின் ஓரத்தை மெத்தைக்குக் கீழே செருகி. சூட்கேஸைத் திறந்தபடி நிலத்தில் போடாதீர்கள். சப்பாத்து, துவாய், கொடியில் காய்ந்த உடுப்பு எல்லாவற்றையும் உதறிவிட்டே எடுங்கள். பிள்ளைகளுக்கு இதை ஒரு விளையாட்டாகப் பழக்கினால் இரண்டு நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

திரும்பி வந்த பிறகும் கிட்டத்தட்ட மூன்று வாரம் கவனமாக இருங்கள். பற்றைக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணியின் குஞ்சு கடித்தால் வலிக்காது. கக்கம், கவட்டி, இடுப்புப் பட்டி இறுக்கும் இடத்தில் சிகரெட் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு வரும், பிறகு காய்ச்சல், தலையிடி. இந்த உண்ணிக்காய்ச்சல் வடக்கில் இருக்கிறது. டொரன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் டொக்டருக்கு இது உடனே நினைவுக்கு வராமல் போகலாம், பொருக்கைச் சிலந்திக் கடி என்றும் எழுதிவிடலாம். "நான் யாழ்ப்பாணத்தில் பற்றை வெட்டின வளவில் நின்றுவிட்டு வந்தேன்" என்று நீங்களே சொல்லி, அந்தப் பொருக்கைக் காட்டுங்கள். டொக்சிசைக்ளின் என்ற மருந்தைத் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும்.