சுண்ணாம்பு நீரில் மக்காச்சோளம்: அஸ்டெக் அடை செய்வது எப்படி?

மெக்சிகோ பள்ளத்தாக்கில், ஏரிக்கு நடுவே 1325-இல் எழுந்த தெனோச்தித்லான் நகரத்து அஸ்டெக் மக்களின் அன்றாடச் சாப்பாடு மக்காச்சோள அடை. அவர்கள் அதை த்லஷ்கல்லி என்றார்கள். பின்னால் வந்த ஸ்பானியர்கள் வைத்த தொர்த்தியா என்ற பெயர்தான் இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது. இதில் எண்ணெய் இல்லை, உப்புகூட இல்லை. ஆனாலும் கடையில் மக்காச்சோள மாவு வாங்கித் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் இந்த அடை வராது. ஓரமெல்லாம் வெடிக்கும், கல்லிலிருந்து எடுக்கும்போதே உடைந்துவிடும். அரைப்பதற்கு முன்பு தானியத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைக்க வேண்டும். நிஷ்தமால் என்ற இந்தப் பக்குவம் அஸ்டெக்குகளுக்கும் பல நூற்றாண்டுகள் மூத்தது. அதைச் சரியாகச் செய்துவிட்டால் மீதி வேலை தானாக அமையும்.

சுண்ணாம்பு என்ன செய்கிறது?

மக்காச்சோளத்தின் மேல்தோல் கெட்டியானது. வெறும் தண்ணீரில் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அது கழன்று வராது. சுண்ணாம்பின் காரத்தன்மை அந்தத் தோலில் உள்ள ஹெமிசெல்லுலோஸ் என்ற நார்ப்பொருளைக் கரைத்துப் பசையாக்குகிறது. கோதுமையில் இருப்பதைப் போன்ற குளூட்டன் என்ற ஒட்டும் புரதம் இந்தத் தானியத்தில் கிடையாது. அந்தப் பசையும் பாதி வெந்த மாவுச்சத்தும் சேர்ந்துதான் மாவைக் கட்டிப் பிடிக்கின்றன.

இன்னொரு காரணம் உயிர் சம்பந்தப்பட்டது. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற பி3 வைட்டமின் இருக்கிறது, ஆனால் பெரும்பகுதி பிணைந்து கிடப்பதால் உடலால் எடுத்துக்கொள்ள முடியாது. சுண்ணாம்பு அந்தப் பிணைப்பை அறுக்கிறது. தானியத்தை மட்டும் கொண்டுபோய், இந்தப் பக்குவத்தை விட்டுவிட்ட ஐரோப்பாவில் ஏழைகள் பெல்லாக்ரா நோயில் விழுந்தார்கள். ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் காசல் என்ற மருத்துவர் 1735-இல் அதை விவரித்தார். தோல் வெடிப்பு, வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம், கடைசியில் மரணம். நியாசின் குறைவுதான் காரணம் என்பது 1937-இல்தான் உறுதியானது. இதே தானியத்தையே நம்பி வாழ்ந்த மெக்சிகோ கிராமங்களில் அந்த நோய் அரிது. அதனால் சுண்ணாம்பைத் ‘தேவையானால் சேர்க்கலாம்’ என்று எழுதும் சமையல் குறிப்புகளை நம்பாதீர்கள்.

தேவையானவை

காய்ந்த மக்காச்சோளம் 500 கிராம், சுண்ணாம்புத் தூள் 5 கிராம், தண்ணீர் ஒன்றரை லிட்டர். சுண்ணாம்பு எப்போதும் தானியத்தின் எடையில் 100-க்கு 1 பங்கு என்று நினைவில் வையுங்கள். இந்த அளவுக்குச் சுமார் ஒரு கிலோ மாவு, அதாவது 25 அடை வரும்.

மக்காச்சோளம்: நன்றாக முற்றிக் காய்ந்த, முழுத் தானியமாக இருக்க வேண்டும். வேகவைத்துச் சாப்பிடும் ஸ்வீட் கார்ன் ஆகாது, அதில் மாவுச்சத்து குறைவு. பாப்கார்ன் ரகம் மிகக் கடினமானது, தோல் லேசில் கழலாது. விதைக்கடையில் வாங்காதீர்கள். விதைச்சோளத்தில் பூஞ்சைக்கொல்லி பூசியிருப்பார்கள், எத்தனை முறை கழுவினாலும் அது சாப்பாட்டுக்கு ஆகாது. கோழித்தீவனத்துக்கு வரும் சரக்கில் பூஞ்சை பிடித்த மணிகள் கலந்திருக்கக்கூடும். எதை வாங்கினாலும் தட்டில் பரப்பி, கறுத்தது, உடைந்தது, பச்சை பூத்தது எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

சுண்ணாம்பு: உணவுத் தரத்தில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு தூள் சிறந்தது. அது கிடைக்காவிட்டால் வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பை எடுக்கலாம். நிறமோ வாசனையோ சேர்த்தது வேண்டாம். அது ஈரமாக இருப்பதால் 10 கிராம் தேவைப்படும். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பில் வேறு கலப்புகள் இருக்கும். நீறாத சுண்ணாம்புக் கல்லைத் தொடவே வேண்டாம். தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறித்துக் கண்ணைப் பறித்துவிடும்.

காற்றுப்பட்டுக் கிடந்த சுண்ணாம்பு நாளடைவில் வெறும் சாக்பீஸ் தூள் போலாகிவிடும், வேலை செய்யாது. சோதிப்பது எளிது. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து மஞ்சள்தூள் தூவுங்கள். ஆரத்திச் சிவப்பு சட்டென்று ஏறினால் சுண்ணாம்பு உயிரோடு இருக்கிறது. மஞ்சள் மஞ்சளாகவே நின்றால் வேறு வாங்குங்கள்.

பாத்திரம்: எவர்சில்வர், எனாமல் அல்லது மண்சட்டி. அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும், மாவும் கறுத்துப்போகும். பிரஷர் குக்கர் வேண்டாம். வெளியே தெரியாமலே உள்ளே குழைந்துவிடும்.

படி 1: வேகவைத்தல்

சுண்ணாம்பை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்து, மீதித் தண்ணீரோடு பாத்திரத்தில் ஊற்றிக் கலக்குங்கள். கழுவிய மக்காச்சோளத்தைச் சேருங்கள். மேலே மிதந்துவரும் சொத்தை மணிகளையும் உமியையும் கரண்டியால் எடுத்துவிடுங்கள். பானையில் போடுவதற்கு முன் அஸ்டெக் பெண்கள் தானியத்தின் மேல் மூச்சை ஊதுவார்களாம், அது நெருப்பைக் கண்டு பயப்படாமல் இருப்பதற்காக. 16-ஆம் நூற்றாண்டில் பெர்னார்தினோ தே சஹாகூன் என்ற பாதிரியார் எழுதிவைத்த செய்தி இது. கீழே சிந்திய மணியைப் பொறுக்காமல் போவதும் அவர்களுக்குப் பாவம்.

மிதமான தீயில் 20 நிமிடத்தில் சூடு ஏற வேண்டும். தளதளவென்று கொதிக்க விடாதீர்கள். ஓரத்தில் சின்னக் குமிழ்கள் வரும் அளவுக்குத் தீயைக் குறைத்து, 30 முதல் 40 நிமிடம் வேகவிடுங்கள். சிறிது நேரத்தில் மணிகளின் மஞ்சள் அழுத்தமாகும், ஈர மண் வாசனையோடு ஒரு மணம் கிளம்பும்.

20 நிமிடம் ஆனதிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்துப் பாருங்கள். குளிர்ந்த நீரில் அலசி இரு விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக் கழல வேண்டும். கடித்தால் வெளிப்பக்கம் மெத்தென்றும், நடுவில் வெள்ளையாக, இன்னும் வேகாமல் கடினமாகவும் இருக்க வேண்டும். அந்த வேகாத நடுப்பகுதி அவசியம். நடுவரை வெந்துவிட்டால் மாவு கோந்தாகிக் கையெல்லாம் ஒட்டும், அதைத் திருத்த வழியே கிடையாது. தோல் கழலும் பதம் வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள்.

படி 2: ஊறவைத்தல்

மூடிவைத்து 8 முதல் 12 மணி நேரம் அப்படியே விடுங்கள். காரத்தன்மை இருப்பதால் இரவு முழுக்க வெளியில் இருந்தாலும் புளிக்காது. சுண்ணாம்பும் நீரும் மணியின் உள்ளே போவது இந்த நேரத்தில்தான். அவசரப்பட்டு 2 மணி நேரத்தில் எடுத்தால் மாவு பிசுபிசுப்பில்லாமல் உதிரும்.

படி 3: அலசுதல்

தண்ணீர் மஞ்சளாக, வழவழப்பாக மாறியிருக்கும். அதை வடித்துவிடுங்கள். காரத்தன்மை அதிகம் என்பதால் செடிகளுக்கு ஊற்ற வேண்டாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மணிகளை இரு உள்ளங்கைக்கு நடுவே தேய்த்து, தண்ணீர் மாற்றி இரண்டு முறை அலசுங்கள். ஒரு மணியை மென்று பாருங்கள். நாக்கில் சோப்புச் சுவை தெரிந்தால் இன்னொரு முறை அலசலாம், அதற்கு மேல் வேண்டாம். பளபளவென்று தோல் முழுக்கப் போகும்வரை தேய்ப்பது புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. தோலின் பசைதானே மாவைப் பிடிக்கிறது? கால்வாசித் தோலாவது மணியில் ஒட்டியிருக்கட்டும்.

படி 4: அரைத்தல்

இந்தச் செய்முறையில் கடினமான இடம் இதுதான். அஸ்டெக் வீடுகளில் இதற்கென்று எரிமலைக் கல்லில் செதுக்கிய, மூன்று கால் வைத்த சாய்வான அம்மி இருந்தது. மெத்தாத்தே என்று இன்றும் மெக்சிகோவில் சொல்கிறார்கள். அதன் உயரமான பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, நீளமான குழவியை இரு கையாலும் பிடித்து, தானியத்தை முன்னே தள்ளித் தள்ளி அரைப்பார்கள். 1540-களில் வரைந்த மெந்தோசா ஓவியச் சுவடியில் 13 வயதுப் பெண் ஒருத்தி இப்படி அரைக்கிறாள். பக்கத்தில் மூன்று கல் அடுப்பின் மேல் வட்டமான மண் ஓடு இருக்கிறது. எந்த வயதுக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு எத்தனை அடை என்பதையும் அதே சுவடி வரைந்து காட்டுகிறது: 3 வயதில் அரை, 4, 5 வயதில் ஒன்று, 6 முதல் 12 வரை ஒன்றரை, 13-இல் இரண்டு. ஒரு வீட்டுக்குத் தேவையான மாவை அரைக்க எத்தனை நேரம் மண்டியிட்டிருக்க வேண்டும் என்பதை அம்மியில் அரைத்துப் பழகியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் அம்மி இருந்தால் அதையே எடுங்கள். கைப்பிடி கைப்பிடியாக வைத்து, முதல் முறை நசுக்கி, இரண்டாம் முறை இழுத்து, மூன்றாம் முறை மையாக அரைக்க வேண்டும். தண்ணீரைத் தெளித்தால் போதும்.

மிக்ஸி என்றால் சின்ன ஜாரில் ஒரு முறைக்கு 150 கிராம், இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர். விட்டு விட்டு ஓட்டி, ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஜார் சூடானால் நிறுத்துங்கள். மாவு சூட்டில் வெந்து இறுகிவிடும். இட்லி மாவு ஆட்டும் கிரைண்டர் இதற்குச் சரிவராது. கல் சுற்ற வேண்டுமானால் நிறையத் தண்ணீர் விட வேண்டியிருக்கும், கடைசியில் தோசை ஊற்றத்தான் ஆகும்.

விரலுக்கிடையில் தேய்த்தால் மிக மெல்லிய நறநறப்பு இருக்கலாம், குருணை இருக்கக்கூடாது. குருணை நின்ற இடத்தில்தான் அடை கிழியும்.

படி 5: பதம் பார்த்தல்

மாவை 3 நிமிடம் உள்ளங்கையால் அழுத்திப் பிசையுங்கள். எலுமிச்சை அளவு உருட்டி லேசாக அமுக்குங்கள். ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை, ஒரு தேக்கரண்டி சேர்த்துப் பிசைந்து மறுபடி பாருங்கள். கையில் ஒட்டினால் தண்ணீர் கூடிவிட்டது. பருத்தித் துணியில் பரப்பி 15 நிமிடம் வைத்தால் ஈரம் இழுத்துக்கொள்ளும். ஈரத்துணி மூடி 20 நிமிடம் ஊறவிட்டு, தட்டுவதற்கு முன் இன்னொரு முறை பதம் பார்ப்பது நல்லது.

படி 6: தட்டுதல்

அந்தக் காலத்தில் இரு கைக்கு நடுவே தட்டித் தட்டியே விரித்தார்கள். அதற்கு வருஷக்கணக்கில் கைப்பழக்கம் வேண்டும். நீங்கள் ஒரு பால் கவரை வெட்டி, கழுவித் துடைத்து, இரண்டு தாளாக எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் 40 கிராம் உருண்டையை வைத்து, அடி தட்டையான கனத்த பாத்திரத்தால் நேராக அழுத்துங்கள். 15 செ.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன். பூரிக்கட்டையால் தேய்த்தால் ஒரு பக்கம் மெலிந்துவிடும்.

மேல் கவரை உரியுங்கள், அடையை உள்ளங்கையில் கவிழ்த்து அடுத்த கவரை உரியுங்கள். அடையைக் கவரிலிருந்து இழுக்காதீர்கள், கவரைத்தான் அடையிலிருந்து இழுக்க வேண்டும்.

படி 7: சுடுதல்

அஸ்டெக்குகளின் மண் ஓட்டில் மாவு ஒட்டாமலிருக்கச் சுண்ணாம்பு நீரைத்தான் பூசினார்கள். நமக்கு இரும்புத் தோசைக்கல் போதும், எண்ணெய் தடவக் கூடாது. கல் 8 நிமிடமாவது காய வேண்டும். தண்ணீர் தெளித்தால் துளி உருண்டு ஓட வேண்டும்.

அடையைப் போட்டு 20 விநாடி. ஓரம் கல்லிலிருந்து லேசாக எழுந்ததும் திருப்புங்கள். இரண்டாவது பக்கம் ஒரு நிமிடம், அங்கங்கே பழுப்புப் புள்ளி விழும்வரை. மறுபடி திருப்பி, நடுவில் விரலால் மெல்ல அழுத்தினால் சில விநாடியில் உப்பி எழும்.

உப்பவில்லையா? பெரும்பாலும் முதல் பக்கத்தை அதிக நேரம் விட்டிருப்பீர்கள். அந்தப் பக்கம் காய்ந்து இறுகிவிட்டால் உள்ளே நீராவி தங்காது. இல்லையென்றால் கல்லின் சூடு போதவில்லை, அல்லது மாவு வறண்டிருக்கிறது. உப்பாத அடையும் சாப்பிட நன்றாகவே இருக்கும்.

சுட்டதைத் துணியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடி, 10 நிமிடம் கழித்துப் பரிமாறுங்கள். கல்லிலிருந்து எடுத்தவுடன் விறைப்பாக இருக்கும். ஆவியில்தான் மெத்தென்று ஆகும்.

தொட்டுக்கொள்ள

அதே கல்லில் மூன்று தக்காளி, இரண்டு பச்சை மிளகாயைத் தோல் கருகும்வரை சுட்டு, உப்பு வைத்து அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்குங்கள். தக்காளி, மிளகாய் இரண்டுமே அந்த மண்ணிலிருந்து நம் அடுப்படிக்கு வந்தவை. பூண்டு, கொத்தமல்லி, எலுமிச்சை, சீஸ் எல்லாம் 1521-இல் தெனோச்தித்லான் வீழ்ந்த பிறகு ஸ்பானியர்களோடு மெக்சிகோவுக்குப் போனவை. பழைய முறையில் செய்ய வேண்டுமானால் அவற்றை விட்டுவிடுங்கள். கூடவே வேகவைத்த ராஜ்மாவோ பூசணியோ வைத்தால் சாப்பாடு முழுமையாகும். மக்காச்சோளத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பயற்றில் நிறைய உண்டு.

இந்த மூன்றும் வயலிலும் கூட்டாளிகள். மக்காச்சோளத் தண்டில் பயற்றங்கொடி ஏறும், பூசணி இலை தரையை மூடி ஈரம் காக்கும். தெனோச்தித்லானின் உணவில் பெரும்பங்கு சினாம்பா தோட்டங்களிலிருந்து வந்தது. ஆழமில்லாத ஏரியில் கழிகளை நட்டு, நீர்ச்செடிகளையும் ஏரிச் சேற்றையும் அடுக்கி உயர்த்திய நீளப் பாத்திகள் அவை. கரையில் வில்லோ மரங்களை நட்டு வேரால் மண்ணைக் கட்டினார்கள். ‘மிதக்கும் தோட்டம்’ என்று எழுதுவது தவறு, அவை ஏரியின் தரையிலேயே நிற்பவை. பாத்தி குறுகலாக இருப்பதால் இரு பக்க வாய்க்கால் நீரும் நடுவரை கசிந்து வேரை எட்டும். நாற்று தயாரிக்க, சேற்றைப் பரப்பி, பாதி காய்ந்ததும் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்திலும் குழி வைத்து விதைப்பார்கள். முளைத்ததும் சேற்றுக்கட்டியோடு எடுத்து நடுவதால் வேர் அறுபடாது. மெக்சிகோ நகரின் தெற்கே சொச்சிமில்கோவில் இன்றும் இதைப் பார்க்கலாம்.

மீந்த மாவு

ஈரத்துணியில் சுற்றி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் 2 நாள் வைக்கலாம். அதன் பிறகு புளிப்பு ஏறும். அரைக்காத மணிகளை அலசி, வடித்து, ஃப்ரீசரில் வைத்தால் 2, 3 மாதம் தாங்கும். உறைவு முழுதாக விட்டபிறகு அரையுங்கள். ஆறிப்போன அடை மாவுச்சத்து இறுகி முறியும். இரு பக்கமும் தண்ணீர் தடவிச் சூடான கல்லில் அரை நிமிடம் போட்டால் பழையபடி வளையும்.