நிறுவனத்தின் விதியை மாற்ற வைக்கும் புகாரை எழுதுவது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்பவரின் பில்லிங் மென்பொருள், ஜிஎஸ்டிஆர்-1 என்ற மாத விற்பனைக் கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாளான 11ஆம் தேதிக்கு முந்தைய மாலையில் முடங்கி, உதவி எண்ணும் ‘அலுவலக நேரம் முடிந்தது’ என்று கைவிரித்தால், அவர் எக்ஸ் தளத்தில் நாலு வரி திட்டி எழுதுவார். நிறுவனத்தின் சமூக ஊடகக் குழு விரைந்து வந்து, அவருடைய சிக்கலை மட்டும் தனிச்செய்தியில் தீர்த்துவைக்கும். உதவி நேரம் பற்றிய விதி மாறாது. அடுத்த மாதம் ஏற்காட்டில் விடுதி நடத்துபவர் அதிலேயே மாட்டிக்கொள்வார்.

விதி மாற வேண்டுமானால், புகார் அந்த விதியையே சுட்ட வேண்டும். 2020 ஜனவரி 21 அன்று சோனோஸ் நிறுவனம், பழைய ஸ்பீக்கர்களுக்கு மே மாதத்துக்குப் பின் மென்பொருள் மேம்பாடு கிடையாது என்றும், அவற்றோடு இணைந்திருக்கும் புதியவற்றுக்கும் அது நின்றுவிடும் என்றும் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பிய இரண்டாம் நாளே தலைமை அதிகாரி மன்னிப்புக் கேட்டு, பாதுகாப்புத் திருத்தங்கள் முடிந்தவரை தொடரும் என்றும், பழையதையும் புதியதையும் பிரித்து இயக்க வழி செய்யப்படும் என்றும் உறுதியளித்தார். பழையவற்றுக்குப் புதிய வசதிகள் இல்லை என்ற முடிவு மட்டும் மாறவில்லை. பொதுவெளிப் புகாரின் எல்லையும் ஏறத்தாழ அதுதான்.

முதலில் நிறுவனத்தின் உதவிப் பக்கத்திலேயே பதிவு செய்து புகார் எண்ணை வாங்கிக்கொண்டு, பிறகு பொதுவில் இப்படி எழுதலாம்: ‘10ஆம் தேதி மாலை 6.40; பதிப்பு 9.2, ஏற்றுமதிப் பொத்தானை அழுத்தினால் மென்பொருள் மூடிக்கொள்கிறது, பதில் வந்தது மறுநாள் பகல் 11.15க்கு. தாக்கல் வாரத்தில் இரவு 8 வரை தொலைபேசி உதவி தேவை.’ இதில் ஊழியர் பெயரோ வசையோ இல்லை என்பதையும், கோரிக்கை ஒன்றே ஒன்று என்பதையும் கவனியுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண்ணையும் கைபேசி எண்ணையும் மறைத்துவிடுங்கள். அதே தொல்லை உள்ள மற்ற வியாபாரிகள் தத்தம் புகார் எண்ணோடு தனித்தனியே எழுதட்டும். ஒரே வாசகத்தை வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிட்டு எல்லோரும் ஒட்டினால் போலிப் பதிவுகள் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

தனிச்செய்திக்கு அழைத்தால் தயங்காமல் செல்லுங்கள். ஆனால் அங்கே கிடைத்த முடிவைப் பொதுப் பதிவின் கீழேயே எழுதுங்கள். பிளே ஸ்டோர் மதிப்பீட்டைப் பின்னர் திருத்த முடியும் என்பதால், வாக்குறுதியை நம்பி முன்கூட்டியே ஐந்து நட்சத்திரம் கொடுக்க வேண்டாம்.

இணையவழி விற்கும் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். அதுவும் பலிக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும், பிறகு சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் இல்லை. வணிகத்துக்காக வாங்கியவரை நுகர்வோராகச் சட்டம் ஏற்பதில்லை; சுயதொழிலாகப் பிழைப்புக்காகக் கடை நடத்துபவருக்கு மட்டும் விலக்கு உண்டு என்பதால், அவர் அதை மனுவிலேயே தெளிவாக எழுதிவிட வேண்டும்.